மூடிக் கிடந்த ஆபீஸில் என் பாலூட்டும் நேரம்

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

இந்த அர்த்த ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பையன் இப்போதுதான் தூங்கினான். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு என் படிப்பு காரணமில்லை, இடது கையில் கிடக்கிற அவன் தலைதான் காரணம். இறக்கிப் படுக்க வைத்தால் உடனே முழித்துக்கொள்வான். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே “சரி வைக்கிறேன், வேலை கிடக்கு” என்பீர்கள். கடிதத்தை யாரும் நடுவில் வைத்துவிட முடியாது என்ற நம்பிக்கையில்தான் நான் தபால் வேலைக்கே வந்தேன்.

அங்கே அண்ணனும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள். இங்கே உங்கள் தம்பி சௌக்கியம். அவர் எப்போதும் சௌக்கியம்தான், என் குறையே அதுதான். நான் இப்படி விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் முகத்தில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு குறட்டை விடுகிறார்.

இந்தக் கடிதம் லீவுக் கணக்குத் திருத்தப் பிரிவின் சூப்பிரண்டுக்கு அல்ல. அந்த அம்மாவுக்கு நான் எழுதியதெல்லாம் அந்த அம்மாவின் கையெழுத்தோடு எனக்கே திரும்பி வந்துவிட்டது. இது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில்தான் உட்காருகிறீர்கள் என்பது தெரியும். அதனால்தான் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டிலாவது அந்த அம்மா இல்லாமல் நீங்கள் மட்டும் இருப்பீர்கள் என்று ஒரு நப்பாசை.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இதுவரை படிவத்தில்தான் படித்திருக்கிறீர்கள், ஒரு தடவை என் வாயால் கேளுங்கள். எங்கள் தபால் ஆபீஸ் சாதாரண மாதங்களில் எட்டு மணிக்குத் திறந்து நாலு மணிக்கு மூடும். வெயில் மாதங்களில் ஆறுக்குத் திறந்து ஒன்றுக்கு மூடும், தபால் கொண்டு போகிறவர்கள் உச்சி வெயிலில் சுருண்டு விழக்கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பினவளுக்கு, பிள்ளைக்கு இரண்டு வயது ஆகிற வரைக்கும், பாலூட்ட தினம் ஒரு மணி நேரம் அனுமதி. அதுவும் நல்ல ஏற்பாடு. இந்த இரண்டு நல்லதும் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்காததால் நடுவில் நசுங்கினவள் நான். எனக்குக் கொடுத்த ஆர்டரில் “கடைசி ஒரு மணி நேரம்” என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. “பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை” என்று எழுதிவிட்டார்கள். வெயில் மாதம் வந்தது, ஆபீஸ் ஒரு மணிக்கு மூடியது, நான் வழக்கம்போல் கடைசி ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு பன்னிரண்டுக்குக் கிளம்பினேன். கம்ப்யூட்டர் என்ன செய்தது? பன்னிரண்டு மணிக்கு இவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று ஆண்டு லீவில் ஒரு மணி நேரத்தை வெட்டியது. அப்புறம் மூன்று மணிக்கு, கதவெல்லாம் பூட்டிக் கிடக்கிற ஆபீஸிலிருந்து, இவள் முறைப்படி அனுமதி பெற்றுப் பால் கொடுக்கப் போயிருக்கிறாள் என்று குறித்துக்கொண்டது. வெயில் காலம் முழுக்க தினம் இப்படியே. பூட்டின கட்டடத்திலிருந்து தினமும் வெளியே வந்திருக்கிறேன் அண்ணி. உள்ளே எப்படிப் போனேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், பையனுக்கு ஒரு நாள் காய்ச்சல் அடித்து நான் லீவு கேட்டபோது. எங்கள் போஸ்ட்மாஸ்டரை நாங்கள் ‘முத்திரை’ என்போம். எதையும் படிக்க மாட்டார், குத்திவிடுவார். அன்றைக்கு மட்டும் படித்துத் தொலைத்தார்.

“லீவா? உனக்கு ஏதும்மா லீவு? நீதான் தினம் கொஞ்சம் கொஞ்சமா தின்னு தீர்த்துட்டியே.”

“சார், நான் பால் குடுக்கத்தானே போனேன்?”

“பால் மூணு மணிக்கு. நீ போனது பன்னெண்டு மணிக்கு.”

“மூணு மணிக்கு ஆபீஸே கிடையாதே சார்!”

“அது ஆபீஸோட பிரச்சினை. லீவு உன்னோட பிரச்சினை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே.”

சரி, எழுதித்தானே கொடுக்க வேண்டும், நாம் படித்தவள்தானே என்று முதல் மனுவை எழுதினேன். காலேஜில் கட்டுரைக்குப் பரிசு வாங்கினவள் நான், அந்த மனுவைப் படித்தால் கல்லும் கரைந்திருக்கும். உங்கள் பிரிவு கரையவில்லை. “மேற்படி நேரத்தில் அலுவலகம் மூடியிருந்தமைக்கான சான்றை இணைக்கவும்” என்று வந்தது. முத்திரையிடம் போய் நின்றேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “மூணு மணிக்கு ஆபீஸ் மூடியிருந்துச்சுன்னு நான் சான்று குடுக்கணும்னா, மூணு மணிக்கு நான் இங்க இருந்து பார்த்திருக்கணும். நான் இங்க இருந்தா ஆபீஸ் எப்படிம்மா மூடியிருக்கும்?” இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், பிரேம் போட்டு மாட்டுகிறேன்.

அப்போதுதான் எங்கள் சங்கக்காரர் ஒரு யோசனை சொன்னார். தபால் பிரிக்கிற மேசையில் எனக்கு எதிர்ப் பக்கம் நிற்கிறவர், எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பவர். “ஆர்டர்ல மூணு மணின்னு இருக்கில்ல? ஒரு நாள் குழந்தையைத் தூக்கிட்டு மூணு மணிக்கு ஆபீஸ் வாசல்ல வந்து உட்கார்ந்து பால் குடும்மா. வாட்ச்மேன் சாட்சி. மூடின கதவுக்கு முன்னாடி நீ உட்கார்ந்திருந்தேன்னு அவன் எழுதிக் குடுப்பான், முடிஞ்சுது கதை.” சிரிக்காதீர்கள். போனேன். ஒரு குடை, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பிள்ளை, மண்டையைப் பிளக்கிற வெயில். வாட்ச்மேன் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“யாரும்மா? பார்சல் வாங்கணும்னா காலையில வா.”

“நான் இங்கதான்ணே வேலை பார்க்கறேன்.”

“இந்நேரத்துல என்ன வேலை?”

“பால் குடுக்கற வேலை. ஆர்டர் இருக்கு.”

பாவம், நல்ல மனுஷன். தன் ஸ்டூலை எடுத்துப் போட்டார், அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், ஞாபகமாக கேட் நோட்டில் என் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்தார். அந்தப் பக்கத்தின் நகலை இரண்டாவது மனுவோடு சேர்த்து அனுப்பினேன். உங்கள் பிரிவிலிருந்து வந்த பதில் எனக்கு மனப்பாடம்: “மனுதாரர் பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலக வளாகத்தில் இருந்தது பதிவேட்டால் உறுதியாவதால், அனுமதி நேரத்தை அவர் முறையாகப் பயன்படுத்தியதாகவே கொள்ளப்படுகிறது.” கீழே உங்கள் கையெழுத்து. எவ்வளவு அழகான கையெழுத்து அண்ணி! அந்தக் கடைசிச் சுழிப்பில் ஒரு அவசரமும் இல்லை.

மூன்றாவது மனுவுக்கு நேரில் வரச் சொன்னீர்கள். நேரில் வர லீவு வேண்டும். லீவு இல்லை என்பதைச் சொல்லத்தான் நேரில் வர வேண்டும். கடைசியில் சங்கக்காரர் என் மேசையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள, முத்திரைக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்தேன். உங்கள் தலைமை அலுவலகம் குளுகுளுவென்று இருந்தது. அங்கே வெயில் நேரம் கிடையாதாமே? வெயில் உள்ளே வந்தால்தானே நேரத்தை மாற்றுவதற்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, “அண்ணி!” என்று கூப்பிட்டேன். நீங்கள் தலையைத் தூக்காமல் “வரிசையில வாங்க” என்றீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னை ‘வாங்க’ என்றது அன்றைக்குத்தான்.

ஆனாலும் திருத்தினீர்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். பாலூட்டும் நேரம் “நண்பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை” என்று புது ஆர்டர் போட்டீர்கள். அது உங்கள் மேசையிலிருந்து கிளம்பி, ஏழெட்டு மேசை ஏறி இறங்கி எங்கள் ஆபீஸுக்கு வந்த வாரம், வெயில் காலம் முடிந்து ஆபீஸ் திரும்பவும் நாலு மணிக்கு மூட ஆரம்பித்துவிட்டது. நான் மூன்று மணிக்குக் கிளம்பினேன். திரும்பவும் வெட்டு. முன்பு மூன்று மணிக்கு அனுமதி இருந்தது, ஆபீஸ் இல்லை. இப்போது ஆபீஸ் இருக்கிறது, அனுமதி இல்லை. பன்னிரண்டுக்குப் போய் ஒன்றுக்குத் திரும்பலாமே என்கிறார் முத்திரை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸே முக்கால் மணி நேரம். அவன் முகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையாட்டிவிட்டு வரலாம். போன வெயில் காலத்தில் வெட்டினதைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டதற்கு, இந்த ஆர்டர் இனிமேலுக்குத்தான், பழசுக்குத் தனி மனு கொடு என்று பதில்.

இவ்வளவும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது நீங்கள்தானே அவனைக் குளிப்பாட்டினீர்கள்? அடிவயிற்றுக்குக் கீழே அந்த வீக்கத்தை முதலில் பார்த்ததும் நீங்கள்தான். “என்னடி இது, அழறப்ப புடைக்குது?” என்று கத்தினீர்களே. டாக்டர் குடலிறக்கம் என்றார். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது, குடல் மாட்டிக்கொண்டால் ஆபத்து என்றார். அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுத்துவிட்டார். அந்த வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். “கணக்கில் இருப்பு இல்லை” என்று வந்துவிட்டது. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, இன்னும் கொஞ்ச மாதம்தான் பாக்கி. நடுவில் அனுமதி இல்லாமல் வராமல் இருந்தால் சர்வீஸை ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், எண்ணாமல் வீட்டுக்கும் அனுப்பலாம். மயக்க ஊசி போட்டுத் தள்ளிக்கொண்டு போகிற வண்டிக்குப் பக்கத்தில் நான் நடப்பதா, ஊரார் தபாலை வார்டு வார்டாகப் பிரித்துக்கொண்டு நிற்பதா?

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு இதைச் சொல்லத்தான் வந்தேன். அவனை மடியில் வைத்து நீங்களே பிசைந்து ஊட்டினீர்கள், “என் ராஜா, என் தங்கம்” என்று கொஞ்சினீர்கள். “அண்ணி, அந்த லீவு மனு...” என்று வாயைத் திறந்தேன். “சாப்பிடறப்போ ஆபீஸ் பேச்சு எதுக்கு? வர வேண்டிய வழியில வரட்டும்” என்றீர்கள். உங்கள் தம்பி தட்டைப் பார்த்துக் குனிந்தவர்தான், சோறு தீர்ந்த பிறகும் நிமிரவில்லை. திரும்பி வருகிற வழியில், “அக்கா ரொம்ப நேர்மை, அதான்” என்றார். நேர்மை! சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குச் சலுகை காட்டினால் அது நேர்மையில்லை, சரி. தப்பாக வெட்டினதைத் திருப்பிக் கொடுப்பதும் சலுகையா? கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்: உங்களுக்கு மனசு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்புதான் இருக்கிறது. உங்கள் தம்பி பிள்ளை என்று கூட வேண்டாம், ஒரு தபால்காரியின் பிள்ளை என்று நினைத்தாவது உங்கள் கை அசையவில்லையே.

அதிகமாக எழுதியிருந்தால் சின்னவள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். பெரியவளுக்குப் பரீட்சை நன்றாக அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
தபால் பிரிக்கும் மேசையிலிருந்து.

பி.கு.: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் உங்கள் தம்பி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். “யாருக்கு இவ்ளோ பெரிய லெட்டர்?” என்றார். “உங்க அக்காவுக்கு.” “அட, சொல்ல மறந்தே போயிட்டேன். சாயங்காலம் அக்கா போன் பண்ணா. ஆபரேஷன் வாரத்துக்கு அவளே லீவு போட்டுட்டாளாம், சாங்ஷனும் ஆயிடுச்சாம். ‘அவ நிம்மதியா வேலைக்குப் போகட்டும், பிள்ளையை ராத்திரி பகலா நான் பார்த்துக்கறேன்’னு சொன்னா.” சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அண்ணி, ரப்பர் ஸ்டாம்பு என்று எழுதின வரியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் முழுவதையுமே அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்லவர் என்பது தெரியாத வரைக்கும் எனக்கு எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது! உங்கள் லீவை ஒரு வாரம் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு மனசு வருகிறது, என் லீவை எனக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் கை வரவில்லை. நீங்கள் அவனை என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்ததும் அவன் அழுதுகிட்டே முட்டித் தேடுவான் அண்ணி, அப்போ நீங்க அவனுக்கு என்னத்தைக் குடுப்பீங்க? உங்க லீவை ரத்து பண்ணிடுங்க, என்னோடதைத் திருத்திக் குடுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.