எட்டாம் பதிப்பில் ஒரு வெற்று வரி

பராமரிப்பாளர் என்றொரு இனம் உண்டு. அதில் கர்னல் பராமரிப்பாளர் தனி ரகம். கணினியின் அடித்தளத்தில், யார் கண்ணிலும் படாமல் ஓடும் கர்னல் என்ற நிரலுக்குக் காவல் இருப்பவர். நீங்கள் கணினியையே தொடாதவராக இருந்தாலும் இவரைச் சந்தித்திருப்பீர்கள். வேறு அலுவலகத்தில், வேறு நாற்காலியில், உங்கள் விண்ணப்பத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இவரேதான்.

எங்கள் பிர்னோ நகரத்து மாதிரியின் பெயர் ரதோமிர். சின்னக் கருவிப் பலகைகளில் ஓடும் ஒரு கர்னலில், குறுக்கீட்டிலிருந்து திரும்பும் பாதை இவர் பொறுப்பு. நாற்பதே வரி. பதினேழு வருடமாக இவர்தான்.

அந்தப் பாதை செய்யும் வேலை எளிது. கணினி ஒரு வேலையில் இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு கருவி கூப்பிடுகிறது. கையில் இருந்ததை ஓரமாக வைத்து, கூப்பிட்டதைக் கவனித்து, ஓரமாக வைத்ததைப் பிசகாமல் எடுத்துக்கொண்டு விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். கிளம்பும் முன் ஒரு கடமை: யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. முதலில் கதவைச் சாத்த வேண்டும், பிறகு பார்க்க வேண்டும். ரதோமிரின் பாதை முதலில் பார்த்தது, பிறகு சாத்தியது. அந்தக் கண்ணிமைக்கும் இடைவெளியில் ஒருவர் உள்ளே வந்துவிட்டால், அடுத்த அழைப்பு வரும்வரை அவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். அவர் அங்கேயே நிற்பார்.

இதைக் கண்டுபிடித்தது என் அம்மா பிளாஜெனா. இயந்திரத் தொழிற்சாலையில் முப்பது வருடம் நிரல் எழுதி ஓய்வு பெற்றவள். அவள் குடியிருந்த அடுக்குமாடியில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் கொதிகலனை அந்தக் கர்னல்தான் இயக்கியது. ஜனவரியில் திடீரென்று எல்லா வீடுகளும் குளிர்ந்து போகும். யாராவது கீழே போய்ப் பலகையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால், எதுவுமே நடக்காதது போல் மறுபடி ஓடும். மற்றவர்கள் பொத்தானை அழுத்திவிட்டு மேலே வந்தார்கள். அம்மா, ஏன் எந்தப் பொத்தானானாலும் சரியாகிறது என்று யோசித்தாள். மூன்று வாரம் யோசித்தாள். யாரும் படிக்கக் கிடைக்கும் அந்த நாற்பதில் இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். அடியில், வழக்கப்படி, ‘இதை எழுதியது நான், இதற்குப் பொறுப்பும் நான்’ என்ற வரியில் பெயரைப் போட்டு ரதோமிருக்கு அனுப்பினாள்.

இனி இனத்தின் குணங்கள்.

இவர் ‘முடியாது’ என்று சொல்லமாட்டார். அது முரட்டுத்தனம். ‘மறுபடி அனுப்பவும்’ என்பார். அம்மாவின் முதல் பதிப்பில் ஒரு வரி மூன்று எழுத்து கூடுதல், மறுபடி அனுப்பவும். இரண்டாவதில் விளக்கம் போதாது. மூன்றாவதில் விளக்கம் அதிகம். நான்காவதை அனுப்பியபோது வெளியீட்டு நேரம், இப்போது எதையும் தொடுவதில்லை. ஐந்தாவதை அனுப்பியபோது வெளியீடு முடிந்து களைப்பு. ஆறாவது பழைய நிரலின்மேல் எழுதப்பட்டிருந்தது, அவர் பார்க்கத் தாமதித்த ஏழு மாதத்தில் அது பழையதாகிவிட்டது என்பது வேறு விஷயம். ஏழாவதுக்குப் பதிலே இல்லை. செப்டம்பர் மாதம், மனிதர் காட்டில் காளான் பொறுக்கிக்கொண்டிருந்தார். எட்டாவதை அம்மா மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அனுப்பினாள். விளக்கத்துக்கும் பெயருக்கும் நடுவே ஒரு வெற்று வரி விடவேண்டும் என்பது விதி. விட்டிருக்கவில்லை.

‘வெற்று வரி இல்லை. மறுபடி அனுப்பவும்.’

இந்தப் பதில் வந்தபோது அவள் இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

இத்தனையிலும் அந்த இரண்டு வரிகளைப் பற்றி ஒரு சொல் உண்டா? இல்லை. இந்த இனம் உறையைப் படிக்கும். கடிதத்தைப் படிக்காது.

தகனம் முடிந்து, மதுக்கடையின் பின்னறையில் சூப்பும், மாட்டிறைச்சியும், மாவு உருண்டைகளும் பரிமாறினார்கள். ரதோமிர் வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, கச்சிதமான முடிச்சு. வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது. என் எதிரே உட்கார்ந்து, உருண்டையைக் குழம்பில் தோய்த்தபடி, தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

“யித்கா, உங்கம்மாவோட அந்தத் திருத்தம். சனிக்கிழமையோட இந்த வெளியீட்டுக்கு வாசல் மூடறோம். அடுத்தது ஒரு வருஷம் கழிச்சுதான்.”

“சேத்துக்குங்க.”

“அதான் சிக்கல். எழுதினவங்க கேள்விக்குப் பதில் சொல்லணும். விதி. இப்போ பதில் சொல்ல ஆள் இல்ல, பாருங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம், அந்த ரெண்டு வரிய நானே எழுதிப் போட்டுடறேன்.”

“யார் பேர்ல?”

“எழுதறது நான்தானே? கீழ அம்மாவுக்கு நன்றின்னு ஒரு வரி போட்டுடலாம்.”

பக்கத்தில் அம்மாவின் தொழிற்சாலைத் தோழி ஸ்டென்கா. பிளம் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்தாள்.

“யோவ் ரதோமிர், கேள்வி இருக்குன்னா சாம்பல் ஜாடி அங்க இருக்கு. தட்டிக் கேட்டுட்டு வா. எட்டு தடவை பதில் சொன்னவ ஒன்பதாவது தடவை சொல்லமாட்டாளா?”

“நான் விதியத்தான் சொல்றேன், ஸ்டென்கா அம்மா.”

“நீ எதத்தான் சொல்லல? அந்த ரெண்டு வரிய என்னிக்காவது படிச்சியா?”

அவர் மாவு உருண்டையைப் பார்த்தார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். ஆம், சாவு விருந்தில். நிரல் எழுதிப் பிழைக்கும் எங்கள் கூட்டத்தில் இது பெரிய குற்றமில்லை. அம்மாவின் எட்டாம் பதிப்பை எடுத்தேன். எழுதியவர் பிளாஜெனா, பொறுப்பு பிளாஜெனா. எடுத்து அனுப்புபவர் என்று அதன் கீழே என் பெயர். இதற்கும் விதி உண்டு, அவருக்கே தெரியும். நடுவே ஒரு வெற்று வரி விட்டேன். ஒன்பதாம் பதிப்பு. அனுப்பினேன்.

எதிரே அவர் கைபேசி முனகியது. எடுத்தார். வடிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதால், வேறு வழியின்றி, உள்ளே படித்தார். முள்கரண்டி நின்றது.

“சாத்திட்டுத்தான் பாக்கணுமா?” என்றார். பிறகு, “அடடா. பதினேழு வருஷமா இப்படியா இருந்துது?”

“பதினேழு வருஷமா,” என்றாள் ஸ்டென்கா. “உனக்குச் சொல்லி நாலு வருஷமாச்சு. சாப்பிடு, ஆறுது.”

வெள்ளிக்கிழமை திருத்தம் உள்ளே போயிற்று, அம்மாவின் பெயரிலேயே. அடியில் அவர் ஒரு குறிப்புச் சேர்த்திருந்தார்: ‘வெற்று வரி சரி செய்யப்பட்டது.’ இனம் மாறாது.

இத்துடன் முடித்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அவளுடைய மின்னஞ்சல் பெட்டியை மூட வேண்டியிருந்தது. அதில், முதல் பதிப்புக்கு முந்தைய நாள், அதே இரண்டு வரிகளோடு ஒரு கடிதம். ரதோமிருக்கு அல்ல.

‘யித்கா, நீயும் இந்தத் தொழில்லதானே இருக்கே. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடேன். அஞ்சு நிமிஷம் போதும்.’

என் பதிலும் இருந்தது. ‘பார்க்கிறேன். தலைப்பு நீளமா இருக்கு, சுருக்குங்க.’

தலைப்பைச் சுருக்கிய கடிதம் அன்று சாயங்காலமே வந்திருக்கிறது. நான் அதைத் திறக்கவில்லை. நான்கு வருடமாக அது தடித்த எழுத்தில் என் பெட்டியில் நின்றுகொண்டிருந்தது.

உங்கள் பெட்டியிலும் ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று தட்டித் தேடிப்பாருங்கள். எத்தனை வந்தன என்று எனக்கு எழுத வேண்டாம். எழுதினால், தலைப்பு நீளம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.