சைக்கிளுக்கு வழிவிட்ட கேட்டுக்காரர்

கலெக்டர் ஜீப்பை நிற்கச் சொல்லிவிட்டு, கருவாட்டுக் கூடை கட்டிய சைக்கிளை முதலில் அனுப்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கேட்டுக்காரர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. போன மாதம் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான், ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

ரயில்வேயில் கேட்டு மூடித் திறந்தே தலை நரைத்தவர் அவர். வேலை முடிந்து ஊருக்கு வரும்போது ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, ஒரு ஊதல், ஒரு பிரம்பு வளையம் இவற்றோடு வந்தார். பொண்டாட்டியும் கூட வந்தது.

எங்கள் ஊரிலிருந்து வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போகிற வழியில் ஓடைமேல் ஒரு பாலம் இருக்கிறது. அதில் லாரி ஏறிவிட்டால் பக்கத்தில் ஆட்டுக்குட்டிகூட நிற்க முடியாது. கைப்பிடிச் சுவர் கிடையாது. கீழே கருஞ்சேறு. அளத்து வேலைக்காரர்கள் எல்லோரும் சைக்கிளில்தான் போவோம். எதிரே உப்பு லாரி வந்தால் சைக்கிளோடு சேற்றில் குதித்துவிட வேண்டும். குதித்தவனைப் பார்த்து டிரைவர், “ஓரமாப் போலே” என்பார். ஓரம் எங்கே இருக்கிறது என்று ஒரு டிரைவரும் காட்டியதில்லை.

கேட்டுக்காரர் இரண்டு நாள் பாலத்தருகே உட்கார்ந்து இதைப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்தப் பாலத்தை ரயில்வேயில் சேர்த்துவிட்டார்.

ஒற்றைத் தண்டவாளத்தில் டிரைவர் கையில் டோக்கன் என்கிற வளையம் இருந்தால்தான் ரயில் போகலாம். அதைப்போல இங்கேயும் வளையம் வைத்திருப்பவன்தான் பாலத்தில் ஏறலாம். அக்கரை சேர்ந்ததும் அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தையிடம், அதாவது அவர் பொண்டாட்டியிடம், வளையத்தைக் கொடுத்துவிட வேண்டும். கூட்டமாகப் போனால் கடைசி ஆள் கொண்டுபோக வேண்டும். சைக்கிளுக்கும் இதுதான் சட்டம், பஸ்ஸுக்கும் இதுதான் சட்டம்.

அக்கரையில் வளையம் இருக்கும்போது இக்கரையில் பஸ் வந்து நின்றால், அத்தை அதை எடுத்துக்கொண்டு நடந்து வர வேண்டும். வெற்றிலையை மென்று முடிக்காமல் அத்தை எழுந்திரிக்காது.

“ஆத்தா, கொஞ்சம் வெரசா வாங்க” என்று பஸ் டிரைவர் கெஞ்சுவார்.

“வெரசா வந்தா நான் சேத்துல கெடப்பேன். நீயாலே வந்து தூக்குவ?”

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஒரு நாள் கலெக்டர் ஜீப் வந்தது. எதிரே ஒரு கருவாட்டு சைக்கிள் பாதிப் பாலத்தில் வந்துகொண்டிருந்தது. சிவப்புக் கொடியைப் பார்த்து டவாலி இறங்கி வந்தார்.

“உள்ள யாரு இருக்காகன்னு தெரியுதாய்யா?”

“தெரியுது. அந்தக் கூடைக்குள்ள என்ன இருக்குன்னும் தெரியுது. மொதல்ல ஏறுனது கருவாடு.”

கருவாடு இறங்கியது. கலெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார். போகிற ஜீப்பில் கேட்டுக்காரர் ஒரு மனுவையும் நீட்டினார். பாலத்தை அகலப்படுத்தி, சைக்கிளுக்கு என்று ஒரு பக்கம் தனியாக விட்டு, சுவர் கட்டித்தர வேண்டும் என்று மனு. அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

ஆனால் ஒன்று. வளையம் நடந்த எட்டு மாதத்தில் ஒருத்தன்கூடச் சேற்றில் குதிக்கவில்லை.

கெடுத்தது நான்.

அண்ணனும் நானும் ஒரே சைக்கிளை முறை வைத்து ஓட்டினோம். ஒரு வாரம் அவன் அளத்துக்குப் போவான், மறுவாரம் நான். அன்றைக்கு என் முறை. கூட்டத்தில் கடைசி ஆளும் நான்தான். வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். அக்கரையில் அத்தை இல்லை, குடத்தோடு தண்ணீருக்குப் போயிருந்தது. ஏதோ யோசனையில் மிதித்துக்கொண்டே போய்விட்டேன். அளத்தில் கங்காணி பார்த்துவிட்டு, “என்னலே, மாலையும் கழுத்துமா வந்துருக்க?” என்றபோதுதான் தொட்டுப் பார்த்தேன்.

திருப்பிக்கொண்டு பறந்தேன். பாலத்தில் இக்கரையில் இரண்டு லாரி, ஒரு பஸ். அக்கரையில் ஒரு கல்யாண வண்டி. மாப்பிள்ளை பட்டு வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு, வளையத்தைத் தேடி அக்கரைக்கே வந்துவிட்ட கேட்டுக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“முகூர்த்தம் போகுதுய்யா.”

“டோக்கன் இல்லாம வண்டி போகாது. வைஸ்ராயே வந்தாலும் போகாது.”

“வைஸ்ராய்தான் நாட்ட விட்டே போயிட்டாரே.”

“டோக்கன் குடுத்துட்டுத்தான் போயிருப்பாரு.”

நான் இறங்கி வளையத்தைக் கழற்றுவதற்குள் மாப்பிள்ளை நடந்தே பாலத்தைக் கடந்து, கடலைச் செடிக்குள் விழுந்தடித்து ஓடினார். மேளக்காரர்கள் பின்னால் ஓடினார்கள். நான் சிரித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தோம். அதுதான் நாங்கள் அந்தப் பாலத்தில் கடைசியாகச் சிரித்தது.

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“வளையத்தக் கொண்டுபோனது யாரு?” என்று கேட்டார் ஏட்டு.

நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“யாரும் கொண்டுபோகல. நான்தான் எங்கயோ வச்சுட்டு மறந்துட்டேன்” என்றார் கேட்டுக்காரர்.

கொடி, ஊதல், வளையம் எல்லாவற்றையும் ஏட்டு சுருட்டிக்கொண்டார். இனிமேல் எந்த வண்டியையும் நிறுத்த மாட்டேன் என்று ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார். கேட்டுக்காரருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கைநாட்டுத்தான் வேண்டும் என்றார் ஏட்டு.

அடுத்த வாரம் அண்ணன் முறை. காலையில் பழைய சோற்றைக் குடித்துவிட்டுப் போனான். பாலத்தில் எதிரே லாரி வந்தது. குதிக்க அவனுக்கு நேரமிருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. சைக்கிளில் ஒரு கம்பிகூட வளையவில்லை. அண்ணனைத்தான் பாயில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

கேட்டுக்காரர் துட்டி கேட்க வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பறிகொடுத்த எங்கள் அய்யா கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பாலத்தில் ஒரு புதுக் காட்சி. சைக்கிள் ஒன்று ஏறினால், அதற்கு முன்னால் நட்ட நடுவில் கேட்டுக்காரர் நடந்து போனார். எதிரே வந்த லாரி நிற்க வேண்டியதாயிற்று. ஏட்டு மறுபடியும் வந்தார்.

“வண்டிய நிறுத்த மாட்டேன்னு எழுதிக் குடுத்தீருல்ல?”

“நான் எங்கங்க நிறுத்துனேன்? நடந்து போறேன். கெழவன் நடக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துருச்சா?”

அக்கரையிலிருந்து அத்தை நடந்தது. அவர்கள் நடைக்குப் பின்னால் கால் ஊன்றாமல் சைக்கிள் விட்டு விட்டு, எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் மெதுவாக ஓட்டுவதில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சுத்துப்பட்டில் எங்கே மெது சைக்கிள் பந்தயம் வைத்தாலும் பரிசு எங்களுக்குத்தான். உத்தரகோசமங்கைப் பக்கத்தில் ஒரு பந்தயத்தில் எங்கள் ஆள் நகரவே இல்லை என்று நடுவர் சந்தேகப்பட்டு, சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தார்.

நான் மட்டும் ஒரு மாதம் அளத்துக்குப் போகவில்லை. அய்யா திட்டித்தான் அனுப்பினார். பாலம் வந்ததும் இறங்கி நின்றுவிட்டேன். அங்கே அவரும் நானும்தான்.

“மாமா, வளையத்தக் கொண்டுபோனது நான்தான்.”

“தெரியும்லே. ஒன் கழுத்துல மாட்டிவிட்டதே நான்தான.”

“நான் அன்னைக்கே சொல்லிருந்தா...”

“சொல்லிருந்தா ஏட்டு ஒன்னையும் ரெண்டு தட்டுத் தட்டிருப்பாரு. வளையத்தயும் கொண்டுபோயிருப்பாரு. லாரி ஓட்டுனது நீயா?”

நான் அழுதேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஏறி மிதி மாப்ள. நான் முன்னால போறேன்.”

போன ஐப்பசி மழையில் நனைந்து நனைந்து நடந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாள் படுத்தார், அவ்வளவுதான். பாலம் இன்னும் அதே அகலம்தான். சுவரும் இல்லை.

அன்றைக்கு அவர் சொன்னபடி ஏறி மிதித்தேன். கண்ணில் நீர் மறைத்தது. பாலம் தெரியவில்லை, ஓடை தெரியவில்லை. அவர் முதுகு ஒன்றுதான் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.