மானகிரித் தயிருக்கு நான் பொறுப்பு

வாயாடிப் பெண்களிடம் ஊர்ப் பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது. இதை நான் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். ஒப்படைத்துப் பட்ட ஊர் மானகிரி. வாங்கிக்கொண்டு பட்டவள் நான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. பிறந்தது கல்லல் பக்கத்துக் கிராமம். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். (எங்கள் சனத்தில் அன்றைக்கு ஐந்தாவது படித்த பெண் என்றால் வக்கீலுக்குப் படித்த மாதிரி. மற்றவர்கள் அப்படி நினைத்தார்களோ என்னவோ, நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

மானகிரியில் அநேகமாக எல்லா வீட்டிலும் எருமை இருந்தது. கிணற்றடியில் கொஞ்சம் கத்தரி, வெண்டை, கீரை போடுவார்கள். விடிந்ததும் பெண்கள் தயிர்ச்சட்டியையும் காய்க்கூடையையும் தலையில் வைத்துக்கொண்டு காரைக்குடிக்கு நடப்பார்கள். செட்டியார் வீடுகளின் பின்வாசலில் ஆச்சிமார்களிடமே நேராக விற்றுவிட்டு வருவார்கள். நடுவில் தரகர் கிடையாது. நேற்றுத் தயிர் புளித்திருந்தால் ஆச்சி இன்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். நாளைக்கு அது சரியாகிவிடும்.

அந்த வருஷம் காரைக்குடிச் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு இது கண்ணை உறுத்தியது. சாலையில் ஒரு ஆளைக் கம்போடு நிறுத்தினார். ஊருக்குள் போகிற காயும் தயிரும் முதலில் சந்தையில் இறங்க வேண்டும், அங்கே தரகர் சொல்கிற விலைக்குத்தான் போக வேண்டும் என்றார். வெயிலில் சட்டியை மறித்து வைத்தால் தயிர் என்ன ஆகும்? மத்தியானத்துக்குள் புளித்தது. புளித்த தயிருக்குத் தரகர் சொன்ன விலையைக் கேட்டு என் மாமியார் சட்டியோடு வீட்டுக்கே திரும்பி வந்தார்.

கோயில் வாசலில் ஊர் கூடியது. ஊருக்குத் தலைவர் அம்பலகாரர். அதிகம் பேசாத மனிதர்.

"அவுக ரோட்டுலதானே மறிக்கிறாக," என்றார். "நம்ம எல்லைக்குள்ள, புளிய மரத்தடியில வச்சு விப்பம். வேணுங்கிறவுக இங்குட்டு வரட்டும்."

அப்படியே செய்தோம். ஆச்சிமார்களின் சமையல்காரர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். குத்தகைக்காரர் சும்மா இருப்பாரா? மானகிரி மரத்தடிச் சரக்கு சுத்தமில்லாதது, அதைத் தின்றால் காலரா வரும் என்று சர்க்காருக்கு எழுதிப் போட்டுவிட்டார். விசாரிக்க சுகாதார இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. அவர் கூடாது என்று சொல்லிவிட்டால் மரத்தடி விற்பனை அன்றோடு முடிந்தது. மறுபடியும் தரகர்தான்.

மறுபடியும் ஊர் கூடியது. அம்பலகாரர் சொன்னார்: "நம்ம சரக்குக்கு நாமதான் சவாப்பு. அவுக வந்து பாக்குறதுக்கு முன்னாடி நாமளே ஒவ்வொண்ணையும் பாத்துருவம். யாரு பாக்குறது?"

எல்லோரும் யோசித்தார்கள். நான் யோசிக்கவில்லை.

"நான் பாக்குறேன்," என்றேன், பெண்கள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து.

அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. (மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். கிள்ளுவதில் அந்த உறவுக்கு ஒரு தனி உரிமை உண்டு.) அம்பலகாரர் திரும்பிப் பார்த்து, "படிச்ச புள்ள. பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் காலையில் தலைக்குக் குளித்து, கல்யாணக் கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் ஓர் அகப்பையோடு மரத்தடிக்குப் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் சிலேட்டுப் பார்த்துக்கொண்டே வருவாரே, அந்த நடையை நானும் நடந்தேன்.

முதலில் ராக்கு அக்காவின் கத்தரிக்காய். பூச்சி இருக்கிறதா என்று ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். இல்லை. அடுத்ததில் இருந்தால்? அதையும் பிட்டேன். கூடையில் பாதிக்கு மேல் இரண்டாகிவிட்ட பிறகுதான் எனக்குத் திருப்தி வந்தது.

"பூச்சி இல்லன்னு தெரிஞ்சு போச்சு," என்றார் ராக்கு அக்கா. "இனிமே இத யாருக்கு விக்க?"

"தைரியமா யாருக்கு வேணாலும் விக்கலாம்க்கா," என்றேன்.

பிறகு தயிர். மேலே ஏடு நன்றாக இருந்தாலும் அடியில் மோசம் இருக்கலாம் அல்லவா? அதனால் ஒவ்வொரு சட்டியிலும் அகப்பையை அடிவரை விட்டு எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, எச்சில் படாமல் வாயில் விட்டுப் பார்த்தேன். எல்லாம் அமிர்தமாக இருந்தது. தோண்டிய இடத்தை அகப்பையின் முதுகால் தடவி, ஏட்டை இழுத்து மூடி, வாழையிலையால் கட்டி வைத்தேன். உறைந்த தயிரைக் கிண்டினால் உடைந்து நீர்விடும் என்று எனக்குத் தெரியாதா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். பதவி வந்ததும் மறந்துவிட்டது.

வெயில் ஏறியதும் இரண்டு பேர் வந்தார்கள். சைக்கிளில் இன்ஸ்பெக்டர், கோட்டும் தொப்பியுமாக. வில்வண்டியில் காரைக்குடி உமையாள் ஆச்சி. அவர் வீட்டில் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விருந்துக்குத் தயிரும் காயும் எங்கே எடுப்பது என்று பார்க்க, கணக்கப்பிள்ளையை அனுப்பாமல் தானே புறப்பட்டு வந்திருந்தார். அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் சரக்குப் போனால் அதன்பிறகு வேறு எந்த வீட்டுக்கும் சிபாரிசு தேவைப்படாது. அம்பலகாரர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"இங்கே யாரம்மா பொறுப்பு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாந்தேன்," என்றேன். "எல்லாத்தையும் நானே பாத்துட்டேன் அய்யா. ஒரு குத்தம் இல்ல."

ஆச்சி தயிர்ச்சட்டிகளைப் பார்த்தார். "கெட்டியா இருக்குமா ஆத்தா?"

"கவுத்தாலும் விழுகாது ஆச்சி."

"கல்யாணத்துக்குத் தயிர் குடுக்க வந்தவுக எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாக," என்றார் ஆச்சி, சாதாரணமாக.

இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பவளாக இருந்தால் ஊர்க் கூட்டத்தில் வாயைத் திறந்திருப்பேனா? எங்கள் வீட்டுச் சட்டியை எடுத்தேன். ஊரிலேயே கெட்டித் தயிர் அத்தையுடையது. அத்தை ஆச்சிக்குப் பின்னால் நின்று கண்ணாலும் கையாலும் என்னென்னவோ காட்டினார். அவருக்கும் பெருமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இலையை அவிழ்த்து, சட்டியை என் தலைக்கு நேரே உயர்த்தி, "பாத்துக்கங்க," என்று கவிழ்த்தேன்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் நான் எல்லோரையும் பார்த்து வெற்றிச் சிரிப்பு வேறு சிரித்துவிட்டேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் தயிர்நீர் வந்தது. அதன் பின்னால் தயிர் முழுவதும் வந்தது.

வண்டிமாடு கழுத்தை ஆட்டியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது இன்ஸ்பெக்டரின் கோட்டில் வெள்ளைத் திட்டுகள். ஆச்சியின் முழங்கையில் ஒரு கரண்டித் தயிர்.

"இதைச் சோதித்தது நீங்கள்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாய்யா."

அவர் சட்டென்று திரும்பி சாலையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் கண்டிப்பாக இருந்தது. வரிசையாக மற்றச் சட்டிகளின் இலையை நீக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் நீர் மேலே நின்றது, தயிர் கீழே கட்டி கட்டியாகக் கிடந்தது. இரண்டாகக் கிடந்த கத்தரிக்காய்களையும் பார்த்தார்.

"எல்லாம் இப்படி இருந்தால் நான் என்னவென்று எழுதுவது?"

அம்பலகாரரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் ஒருத்தியின் தலையோடு போகிற விஷயமில்லை அது. ராக்கு அக்காவின் கூடை, பேச்சியின் ஒற்றை எருமை, எல்லோருடைய அடுப்பும் அதில் இருந்தது. தயிருக்கு அடியில் அழுதேன். நல்லவேளை, யாருக்கும் தெரியவில்லை.

அத்தைதான் முன்னால் வந்தார். "அய்யா, தயிருல குத்தமில்ல. இவ விடிஞ்சதிலருந்து சட்டி சட்டியா அகப்பைய விட்டுக் கிண்டிப்புட்டா. வீட்டுலயும் இவ தொட்டா இப்பிடித்தான்."

(மருமகளைக் காப்பாற்றுகிற வாக்குமூலம் இப்படியும் இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.)

ஆச்சி முழங்கையில் இருந்த தயிரை விரலால் வழித்து நாக்கில் வைத்தார். அவசரமில்லாமல் சுவைத்தார்.

"தண்ணி கலக்கல. புளிக்கவும் இல்ல. ஒடஞ்சுதான் போயிருக்கு," என்றார். இன்ஸ்பெக்டரிடம், "எழுதுறத நாளைக்கு எழுதுங்களேன். நானும் வாரேன். இந்தப் புள்ள கை படாத சட்டியா ஒண்ணு பாப்பம்," என்றார்.

இன்ஸ்பெக்டர் கோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு சரி என்று சைக்கிளில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் இறைத்து என் தலையில் ஊற்றினார். அவர் அவ்வளவாகப் பேசமாட்டார். வாளி வாளியாக ஊற்றிவிட்டுக் கடைசியில், "கொஞ்சம் உப்புப் போட்ருக்கலாம்," என்றார்.

அன்று மானகிரியில் எல்லா வீட்டிலும் கத்தரிக்காய்க் குழம்பும் மோரும்தான்.

மறுநாள் அத்தை என்னை எருமைகளோடு கண்மாய்க்கு அனுப்பிவிட்டார். அதனால் நடந்ததைப் பிறர் சொல்லித்தான் கேட்டேன். இன்ஸ்பெக்டரே ஒரு சட்டியை வாங்கி, கையை முழுக்க நீட்டி, உடம்பை முடிந்த மட்டும் பின்னால் வளைத்துக்கொண்டு கவிழ்த்தாராம். விழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கும்படி ஆச்சி சொன்னாராம். அப்போதும் விழவில்லை. இடம் சுத்தமாக இருக்கிறது, சரக்கில் கலப்பு இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உமையாள் ஆச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு மானகிரியிலிருந்து வண்டி வண்டியாகத் தயிர் போனது.

ஊரும் ஒரு முடிவுக்கு வந்தது. சரக்கைச் சோதிக்க இனி ஆள் போடுவதில்லை. வாங்குகிறவர் தானே இலையைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டியது. மோசமாக இருந்தால் மறுநாள் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் விற்றவளிடம் திருப்பிக் கொடுக்கலாம். அந்தப் பயமே போதுமானதாக இருந்தது. மரத்தடி விற்பனை வருஷக்கணக்காக நடந்தது. நான் அங்கே கீரை விற்றேன். தயிர்ப் பக்கம் உட்கார இடம் கொடுக்கவில்லை.

என் பெயர் மறந்தவர்களுக்கும் கதை மறக்கவில்லை. பல வருஷம் கழித்து, மூத்தவனுக்குப் பெண் பார்க்கக் கொத்தமங்கலம் போனோம். நல்ல குடும்பம். பெண்ணும் லட்சணமாக இருந்தாள். சாப்பாட்டில் கடைசியாகத் தயிர் வந்தது. கத்தியால் வெட்டி எடுக்கலாம் போலிருந்தது. நான் மரியாதைக்காக, "நல்ல கெட்டியா இருக்கே," என்றேன்.

பெண்ணின் அம்மா ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு மிகுந்த பணிவோடு சொன்னார்: "கவுத்துப் பாக்கணும்னா வெளி முத்தத்துக்குப் போயிருவம் மதினி. இந்தக் கூடத்த இப்பத்தான் கழுவிவிட்டம்."

கதவுக்குப் பின்னால் பெண் சிரித்த சத்தம் கேட்டது. பக்கத்து இலையில் என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. அந்தப் பெண்தான் இன்று என் மருமகள். வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவது அவள்தான். சட்டி இருக்கிற அறைக்கு நான் போனால், கைவேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்து நிற்கிறாள்.