ஐந்தாம் கட்டம் காலி

குவாவ், கிரெனடா
செவ்வாய்க்கிழமை

வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கும் பெருமதிப்புக்குரிய திரு. கார்லைல் நோயல் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் தொண்டையும் சுகமென்று நம்புகிறேன். இங்கே சுகமில்லை.

போன வியாழன் காலையும் மாலையும் "இக்னேஷியா வெரோனிக் மொடெஸ்ட், ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று வாசித்தீர்கள். உச்சரிப்பில் குறையில்லை. அது என் அம்மா. முப்பத்தாறு வருடம் இந்த ஊரில் முதல் வகுப்பு எடுத்தவர். உங்களுக்கும் எடுத்தவர். வாசித்த உங்களுக்கே யாரென்று தெரியவில்லை.

உங்கள் அறிவிப்புப் படிவத்தில் ஐந்தாம் கட்டம், 'ஊரில் வழங்கும் பெயர்'. அதைக் காலியாக விட்டவன் நான்தான். ஐஸ் ஆலையில் மின்வேலை பார்ப்பவன் நான். இயந்திரத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு பெயர், அவ்வளவு போதும். அம்மாவுக்கும் பட்டப்பெயர் ஆகாது. பள்ளிப் பதிவேட்டில் உள்ள முழுப்பெயர்தான் அவர் வாயில் வரும். ஊரே 'நண்டு' என்று கூப்பிடும் மீன்காரரை நடுச்சந்தையில் "பார்த்தலோமியு ஜெரோம்!" என்று நிறுத்துவார், ஐம்பது வயது ஆள் கையைத் துடைத்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். அப்படிப்பட்டவரை 'குடை டீச்சர்' என்று அறிவிக்க எனக்கு மனம் வரவில்லை. கூரை ஒழுகுகிறதென்று குடை பிடித்துப் பாடம் நடத்தியது ஒரே ஒரு மழைக்காலம். அதற்கு ஆயுள் தண்டனையா?

கடைசி இரண்டு வருடம் அவர் தலைநகரில் அக்கா வீட்டில் இருந்தார். வானொலியை விட்டால் ஊருக்குத் தெரிய வழியில்லை. அடக்கத்துக்குத் தேவாலயத்தில் முந்நூறு நாற்காலி போட்டேன். வந்தது ஏழு பேர். அதில் இருவர் வேறு சாவுக்கு வந்தவர்கள், எழுந்துபோகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த கறிப்பலா மூன்று அண்டா, இன்னும் நான்தான் தின்றுகொண்டிருக்கிறேன். ஊருக்குப் புதிதான பாதிரியார் என் காதருகே வந்து, "ஏம்ப்பா, அம்மாவுக்கு இந்த ஊர்ல யாருமே இல்லியா?" என்றார். ஞாயிறு சந்தையில் நண்டு என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"டேய், குடை டீச்சரைப் பொதைச்சாச்சாமே! ரேடியோல சொல்லவே இல்ல!"

"சொன்னாங்க. ரெண்டு தடவை."

"யாரோ மொடெஸ்ட் அம்மான்னாங்க. டீச்சருக்குப் பேர்னு ஒண்ணு இருக்குன்னு எவன்டா கண்டான்? கரண்டு படிச்ச, மனுசனைப் படிச்சியா?"

அன்றிலிருந்து எனக்கு யாரும் மீன் விற்பதில்லை. மீனுக்கு ஐஸ் போடுகிறவனுக்கு மீன் இல்லை.

ஆகவே நாற்பதாம் நாள் பூசைக்கு மறுபடி அறிவியுங்கள். பள்ளிக்கூடம், தெரு, வேலை பார்த்த வருடங்கள் எல்லாம் சேருங்கள். பட்டப்பெயர் மட்டும் கூடாது. அது அவருக்குச் செய்யும் மரியாதை.

தங்கள் குரல் கம்மாமல் இருக்கட்டும்.

தியோஃபிலஸ் ஆம்புரோஸ் மொடெஸ்ட்

பின்குறிப்பு: தபாலில் போடப் போகும் வழியில் நண்டு மறித்தார். "எழுதிட்டியா? டீச்சர் பேரைப் போட்டியா? இந்தத் தடவையும் எங்களுக்குத் தெரியாம டீச்சரை அனுப்பிடாதடா." தெருவிலேயே உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். 'குடை டீச்சர்' என்றே வாசியுங்கள். அதை முதலில், சத்தமாக. மகன் தியோஃபிலஸ் என்றாலும் இங்கே ஒருவருக்கும் புரியாது. ஊர் என்னைக் கூப்பிடுகிறபடி 'ஃபியூஸ்' என்று போடுங்கள். முழுப்பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான்.