பியூரெட்டில் ஏறிய பெயர்

நான் வேதியியலில் முதுகலை படித்தவள். கண்ணாடியில் ஏறிய பெயிண்ட்டை எதை வைத்துத் துடைக்கலாம், எதை வைத்துத் துடைக்கவே கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு ஊருக்குச் சொல்வதற்குள் (பாதிப் புதுச்சேரிக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது) நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடம். தேங்காய்த்திட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. 'வேதியியல் ஆய்வகம்' என்று கதவில் எழுதியிருந்த அறைக்குள் மூன்று பியூரெட்டுகள் இருந்தன. பியூரெட் என்பது மேலிருந்து கீழாகக் கோடும் எண்ணும் போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். அடியில் சின்னதாக ஒரு திருகு. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் நொடியில் திருகை மூடி, எவ்வளவு செலவாயிற்று என்று எண்ணைப் படிக்க வேண்டும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பெரிய மார்க் அந்த எண்ணுக்குத்தான். எங்கள் மூன்றும் ஒழுகும். புதிது கேட்டு மேலிடத்துக்கு அனுப்பிய கடிதம் சர்வீஸில் எனக்கு மூத்தது.

அந்த வகுப்பில் ஷாலினி என்று ஒரு பெண். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அவருக்கு உடம்பு சரியில்லாமல் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஏற்றிய குளுக்கோஸ் பாட்டிலின் குழாயை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, ஜன்னல் கம்பியில் மாட்டி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழகினாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர வேண்டும் என்பது அவளுக்கு வெறி. "மிஸ், பரீட்சைக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ ஒழுகாத பியூரெட்ல செஞ்சி பாத்துட்டா போதும் மிஸ்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நன்கொடை கேட்டுக் கிளம்பினேன்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், தான் படித்த எக்கோலில், அதாவது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், நிஜமான மனித எலும்புக்கூடே நின்றது என்று ஒரு மணி நேரம் பேசினார், அருமையான காபி கொடுத்தார், அதோடு சரி. துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர், "இன்னாது, டியூபா? கெவுருமெண்டு குடுக்கலியா?" என்று கேட்டுவிட்டு வஞ்சிரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கடைசியாகத்தான் பாத்திரக் கடை தனகோடியிடம் போய்ச் சேர்ந்தேன்.

கடை வாசலில் ஒருவர் சீர்வரிசைக் குடத்தில் மிஷினை வைத்து டர்ரென்று பேர் வெட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"எத்தினி வோணும் டீச்சர்?"

"பன்னெண்டு இருந்தா போதும் சார்."

"அவ்ளோதானா? சீட்டுல எழுதிக் குடுங்க, நானே வாங்கி அனுப்பிடறேன். பேரு போட்டுக்கலாம்ல?"

"பேரு இல்லாமயா சார்?" என்றேன் நான், உலகமகா சாமர்த்தியசாலி. "நல்லா பளிச்சுனு போடுங்க. பசங்க தெனமும் பாக்கட்டும்."

பெட்டி மீது ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்று நினைத்தேன். பாத்திரக் கடைக்காரரிடம் பேர் போடச் சொல்கிறோம் என்பது மண்டையில் ஏறவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் தனகோடி ஆட்டோவில் வந்து இறங்கினார். பன்னிரண்டுக்கு எட்டுதான் இருந்தன.

"பேரு வெட்டறப்ப நாலு ஒடஞ்சிபோச்சி டீச்சர். மிஷினு வெச்சா தாங்கல. அப்பறந்தான் ஆர்ட்டிஸ்ட்டக் கூப்ட்டு பெயிண்ட்ல எழுதனோம். எப்டிக்கீது?"

ஒவ்வொரு பியூரெட்டிலும் மேலிருந்து கீழாகச் சிவப்பு எனாமலில் 'உபயம் தனகோடி'. எழுத்துக்கள் ஒரு நூல்கூடக் கோணவில்லை. எண்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"கோடு போட்டுக்கீது பாருங்க, அது மேலயே எழுதனாத்தான் நேரா வரும்னு ஆர்ட்டிஸ்ட்டு சொல்ட்டாரு" என்றார் பெருமையாக.

தலைமையாசிரியருக்கு வாயெல்லாம் பல். பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்தார். போட்டோவில் அலமாரி அழகாக விழ வேண்டுமென்று எங்கள் பழைய மூன்றையும் அவர் முன்கூட்டியே குப்பை வண்டியில் ஏற்றியிருந்தார். நானும் போட்டோவில் இருக்கிறேன், ஈயென்று இளித்துக்கொண்டு.

எல்லோரும் போன பிறகு ஹார்டுவேர் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் தின்னர் வாங்கி வந்தேன். ஓரத்தில் ஒரு துளி தொட்டுப் பார்த்திருக்கலாம். முதுகலைக்கு அதெல்லாம் எதற்கு? மூன்று பியூரெட்டுகளைத் தின்னரில் நனைத்த துணியால் சுற்றிவைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தேன். துணியைப் பிரித்தால் தனகோடி சுத்தமாகப் போயிருந்தார். கூடவே எண்ணும் கோடும் போயிருந்தன. மலிவுச் சரக்கு. மிச்சம் ஐந்தைத் தொடவே பயந்துபோய் அப்படியே விட்டேன். மற்ற பள்ளிகளில் இரவல் கேட்டுப் போன் போட்டேன். எல்லோருக்கும் அதே நாளில் தேர்வு.

மறுநாள் வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார். பின்பக்கமாகப் பார்த்து எண்ணைப் படிக்கலாம் என்றால், குழாய்க்குள் கத்தரிப்பூ நிறத்தில் பர்மாங்கனேட், ஒன்றும் தெரியாது. ஷாலினி முதல் அணியில் இருந்தாள். கை நடுங்காமல் திருகைத் திறந்து, மெதுவாக்கி, கடைசிச் சொட்டில் மூடினாள். குடுவையில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு ரோஜா நிறம். நான் இத்தனை வருடத்தில் பார்த்த மிகச் சரியான முடிவு நிலை அது.

"ரீடிங் எவ்ளோமா?" என்றார் தேர்வாளர்.

அவள் பியூரெட்டை உற்றுப் பார்த்தாள்.

"'ன'வுக்குக் கீழ, 'கோ'வுக்குக் கொஞ்சம் மேல சார்."

அறையே சிரித்தது. தேர்வாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவள் சிரிக்கவில்லை.

"எண்டு பாயிண்ட் கரெக்டா இருக்கு. ஆனா நம்பரே இல்லாம நான் எதுக்கு மார்க் போடறது மேடம்?"

"தப்பு முழுக்க என்னுது சார்."

"அது தெரியுது."

படித்தவள், படிக்காதவன் எல்லோருக்கும் ஒரே மார்க், தேறும் அளவுக்கு மட்டும். மறுதேர்வு கேட்டு எழுதலாம் என்று தலைமையாசிரியரிடம் போனேன். "சும்மா இருங்க பர்வீன். விஷயம் வெளிய போனா தனகோடி மனசு சங்கடப்படும். அடுத்த வருஷத்துக்கு அவர்ட்ட பெஞ்ச் கேட்டிருக்கேன்" என்றார். சும்மா இருந்தேன். தின்னர் ஊற்றியதைவிடப் பெரிய தப்பு அதுதான். வீட்டில் யாரும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை.

'கோ'வைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். பெருநாள் பிரியாணிக்கு என் வீட்டுக்காரர் எண்ணெய்ப் பாட்டிலைக் கையில் எடுத்ததும், "மேடம், 'ன' வரைக்குமா, 'கோ' வரைக்குமா?" என்பார். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும். பழைய மாணவர்கள் பஸ்ஸில் பார்த்தால்கூட, "மிஸ், ரீடிங் எவ்ளோ?" என்று கத்துகிறார்கள். நானும் பதிலுக்குக் கத்துகிறேன்.

ஷாலினிக்கு இரண்டே மார்க்கில் கெமிஸ்ட்ரி சீட் போயிற்று. அடுத்த வருடம் முயற்சி செய்ய வீட்டில் விடவில்லை. தவளக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். நான் மாத்திரை வாங்கப் போனால் எழுந்து நிற்பாள், பிள்ளைகளை விசாரிப்பாள், சிரித்த முகமாகத்தான் பேசுவாள். இத்தனை வருடத்தில் இந்த ஜோக்கை என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.