எலி அங்கிளும் ஒழுகாத பாட்டிலும்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், எலியிடம் "பசியாறியாச்சா?" என்று விசாரித்த பிறகே தான் பசியாறும் மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். செமினிப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரித்த எலி அங்கிள்.

பெயர் அட்டை மாட்ட மாட்டார். "எலிங்களுக்கு என்னைத் தெரியும். ஒங்களுக்குத் தெரியலன்னா அது ஒங்க பிரச்சின லா" என்பார். கூண்டறையில் உரக்கப் பேசிய பேராசிரியரையே வெளியே அனுப்பியவர். புது உதவியாளர் நான் எம்மாத்திரம்?

அப்போது இரண்டு மூலிகைப் பொடிகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். சில எலிகளுக்கு ஒன்று, சிலவற்றுக்கு மற்றொன்று, சிலவற்றுக்கு இரண்டும் கலந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். பொடியைக் கரைத்துத் தனியாக ஊட்டிவிடுவோம்; கூண்டுப் பாட்டிலில் எல்லாவற்றுக்கும் வெறும் தண்ணீர்தான். சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்பதுதான் கேள்வி. கெடுக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிள்ளானில் என் அம்மா அதே இரண்டையும் கலக்கி மாதக்கணக்கில் குடித்துவந்தார். "ரெண்டும் நல்லதுன்னா, சேந்தா டபுள் நல்லதுதானே?" என்பது அவர் வாதம்.

அங்கிள் தினமும் காலையில் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலிலும் டேப் ஒட்டி அளவு குறிப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பாரும்மா, கலவை குடிக்கிறவங்க மட்டும் தண்ணிய காலி பண்றாங்க. கீழ விரிச்ச மரத்தூளும் ஈரமா கெடக்கு. இவ்ளோ ஒண்ணுக்குப் போறாங்கன்னா கிட்னி சரியில்ல."

ஆய்வுத் தலைவரான டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "பாட்டில் ஒழுகுது அங்கிள். அந்தக் கூண்டுங்கள விட்டுட்டு ரிப்போர்ட் எழுதிடலாம்."

ஒழுகத்தான் வேண்டும் என்று நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அங்கிள் எல்லாப் பாட்டில்களையும் டேப் அளவுக்கு நிரப்பினார். கலவை எலிகளின் பாட்டில்களைத் தண்ணீர் எலிகளுக்கும், அவற்றுடையதை இவற்றுக்கும் மாற்றி மாட்டினார். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"ஒழுகுற பாட்டிலு எங்க மாட்டினாலும் ஒழுகும். நாளைக்குப் பாப்போம். அதுவரைக்கும் ஒரு எலியும் கணக்கிலேருந்து போகாது. வேலைய விட்டு எடுக்கணுமா? எடுத்துக்குங்க!"

மறுநாள் தண்ணீர் எலிகளிடம் மாட்டிய 'ஒழுகிய' பாட்டில்களில் தண்ணீர் வழக்கம்போலக் கொஞ்சமே குறைந்திருந்தது. கலவை எலிகளோ மாற்றிக் கொடுத்ததையும் குடித்துத் தீர்த்திருந்தன. டாக்டர் அந்தக் கூண்டுகளையும் கணக்கில் சேர்த்தார். பின்னர் சிறுநீரகங்களைச் சோதித்தபோதும் கலவை எலிகளுக்குத்தான் பாதிப்பு. ரிப்போர்ட்டில் அப்படியே எழுதினோம்.

அன்றைக்கே அம்மாவின் டப்பாக்களைக் குப்பையில் போட்டேன். "எலி சொன்னா கேப்ப, பெத்தவ சொன்னா கேக்க மாட்ட!" என்று கத்தியவரை இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்யவைத்தேன். சிறுநீரகம் தளர ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, பொடியை நிறுத்தியதும் மெல்லத் தேறியது.

அங்கிள் இப்போது ஓய்வில். அம்மாவின் கதை அவருக்குத் தெரியும்; போன் செய்தால் நலம் விசாரிப்பதில்லை. "அம்மா எவ்வளவு தண்ணி குடிக்கறாங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். உடனே சொல்லிவிடுவேன். அம்மாவின் பாட்டிலில் தினமும் நான் டேப் ஒட்டுவதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்த முரட்டு மனிதர் அழுதால் என்னால் தாங்க முடியாது.