ஏட்டுச் சுரைக்காய் அம்மாள்

ஏட்டுச் சமையல்காரி என்றொரு இனம் உண்டு, அறிவீர்களா? அடுப்பு எந்தப் பக்கம் எரிகிறது என்றே தெரியாமல், விடியுமுன் எழு, விறகை எண்ணி வை, காய்ந்த ரொட்டியை வீசாதே, கணவன் வரும்போது முகம் வாடாதே என்று நாட்டுப் பெண்களுக்கெல்லாம் புத்தகம் போட்டு உபதேசிக்கும் இனம். ஊருக்குத்தான் உபதேசம்.

அமெரிக்காவில் எங்கள் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அந்த இனத்துக்குத் தலைவி லவீனியா தோர்ன்டைக் அம்மாள். அவர் வீட்டுச் சமையல்காரி, அயர்லாந்துக்காரி ஹொனோரா மாவு பிசைந்துகொண்டே பக்குவம் சொல்லச் சொல்ல, அம்மாள் நாற்காலியில் சாய்ந்தபடி எழுதியதுதான் அவருடைய சமையல் புத்தகம். அளவுகளை எழுத மட்டும் அம்மாளுக்குக் கை வலித்தது. 'போதுமான மாவு', 'வேகும்வரை வேகவிடு', அவ்வளவுதான். யாராவது அளவு கேட்டுவிடுவார்களோ என்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி வேறு: 'அறிவுள்ள இல்லத்தரசிக்கு அளவு சொல்ல வேண்டியதில்லை.'

இரண்டாம் பதிப்பைப் பற்றிப் பேச பாஸ்டன் பதிப்பாளர் ஒரு வியாழக்கிழமை விருந்துக்கு வருவதாக இருந்தது. அன்று காலை ஹொனோரா, முன்னுரையில் தன் பெயரையும் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டாள்.

"உன் பேரைப் போட்டா எவ வாங்குவா?" என்றார் அம்மாள்.

"அப்ப இன்னைக்கு விருந்துப் புட்டிங்கையும் உங்க பேரே கிண்டட்டும்மா." ஹொனோரா மூட்டையைக் கட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

அம்மாள் தன் புத்தகத்தையே விரித்துவைத்துச் சோளமாவுப் புட்டிங்கில் இறங்கினார். போதுமான மாவு என்றால் எவ்வளவு? முகமெல்லாம் மாவாக, பக்கத்து வீட்டுக்காரியான என் கதவைத் தட்டினார். நான் என்ன செய்ய? என் கணவர் பரிசளித்த பிரதியை எடுத்து நாற்பதாம் பக்கத்தை நிதானமாக வாசித்துக் காட்டினேன். அற்ப சந்தோஷம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பதிப்பாளர் புட்டிங்கைக் கரண்டியால் தட்டிப் பார்த்து, "இந்த வீட்டுக்கு உடனே ஒரு சமையல் புத்தகம் வேணும்மா" என்றாராம். ஆனாலும் முதல் பதிப்பு முழுக்க விற்றிருந்தது. புட்டிங் கல்லானால் அவருக்கென்ன?

இரண்டாம் பதிப்பு வந்தது. ஹொனோராவின் பெயரும் அதில் இருக்கிறது, 'நன்றிகெட்ட வேலைக்காரிகள்' என்ற புது அத்தியாயத்தில், முதல் உதாரணமாக.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரம் விருந்தாளி குழம்பைப் புகழ்ந்தபோது, "எங்க வீட்டுப் பக்குவமே தனி" என்று மீசையை நீவிக்கொண்டவர் யார்? அந்தக் குழம்பை வைத்தவர் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று நினைவிருக்கிறதா?